நுரையீரலுக்கு வெளியே பரவிய, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்: சிகிச்சை எப்படித் திட்டமிடப்படுகிறது?

காசநோய் என்றதும் மலையகத்தில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது விடாத இருமலும் சளியோடு வரும் இரத்தமும்தான். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும் என்ற அறிவுரையும் ஓரளவு பரவியிருக்கிறது. ஆனால் இதே நோய் இருமலே இல்லாமல் கழுத்தில் நெறிகட்டியாகவோ, முதுகு வலியாகவோ, வயிற்றில் நீர் கோர்ப்பதாகவோ, கிழமைக் கணக்கில் நீளும் தலைவலியாகவோ வரக்கூடும் என்பதும், அப்படி வந்த நோய் வழக்கமான குளிசைகளுக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கக்கூடும் என்பதும் பலர் அறியாத செய்திகள். இவ்விரு சிக்கல்களும் ஒரே நோயாளியிடம் சேர்ந்துவிட்டால் வைத்தியர்கள் எதை நினைத்து, எந்த ஒழுங்கில் சிகிச்சையைத் திட்டமிடுகிறார்கள் என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசநோய்க் கிருமியை ஜேர்மனிய விஞ்ஞானி ரொபர்ட் கொக் 1882 மார்ச் 24 ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். நுரையீரலில் நோய் உள்ள ஒருவர் இருமும்போது காற்றில் கலக்கும் இக்கிருமியை இன்னொருவர் சுவாசிக்கும்போது அது அவரது நுரையீரலை அடைகிறது. அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. நிணநீர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ கழுத்து நெறிகள், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, முள்ளந்தண்டு, சிறுநீரகம், குடல், மூளையை மூடியிருக்கும் சவ்வு என உடலின் ஏறத்தாழ எந்தப் பகுதிக்கும் போய் உறங்கிக் கிடந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னர் விழித்தெழுவதும் உண்டு. இலங்கையில் ஆண்டுதோறும் 8,000க்கும் மேற்பட்டோர் காசநோயாளிகளாகப் பதிவாகின்றனர்; அவர்களுள் கணிசமானோருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகை இந்நாட்டில் இன்னும் அரிதுதான். உலக அளவிலோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு அது ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது.

மருந்துக்குக் கட்டுப்படாமை என்பது நோயாளியின் உடலில் உள்ள குறையன்று. அது கிருமியில் நிகழும் மாற்றம். கிருமிகள் பெருகும்போது மிக அரிதாக, தற்செயலாக, ஒன்றிரண்டின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு அஞ்சாத மாற்றம் ஏற்படுகிறது. ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் அம்மருந்துக்குச் சாகாத கிருமிகள் மட்டும் எஞ்சிப் பெருகும் என்பதால்தான் தொடக்கத்திலேயே ரிபாம்பிசின், ஐசோனியசிட், பிரசினமைட், எதாம்பியூட்டோல் என்ற நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குளிசைகளை விட்டுவிட்டு விழுங்குவதும், உடம்பு தேறியதும் நிறுத்திவிடுவதும் இந்தக் கூட்டைக் குலைத்துவிடுகின்றன. இந்நான்கில் மிகவும் வலிமை வாய்ந்தவை ரிபாம்பிசினும் ஐசோனியசிட்டும். இவ்விரண்டுக்குமே கட்டுப்படாத நோயைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறோம். ரிபாம்பிசினுக்கு மட்டும் கட்டுப்படாதது தெரிந்தாலே அதே அளவு கவனத்தோடு சிகிச்சை தொடங்கப்படும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. நுரையீரலில் குழி விழுந்த இடத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். கழுத்து நெறியிலோ முள்ளந்தண்டிலோ அவற்றின் எண்ணிக்கை மிகக் குறைவு. எண்ணிக்கை குறைவாக உள்ள இடத்தில் எதிர்ப்பு மாற்றம் புதிதாகத் தோன்றும் வாய்ப்பும் குறைவு. ஆகவே காசநோய் மருந்தே இதற்குமுன் உட்கொண்டிராத ஒருவரின் நெறிகட்டியில் எதிர்ப்புக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டால், அவர் ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற கிருமியை வேறொருவரிடமிருந்து சுவாசித்திருக்கிறார் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். அந்த வேறொருவர் அதே லயத்திலோ (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலோ), உறவினர் வீட்டிலோ, கொழும்பில் வேலை செய்த இடத்திலோ இன்னும் இருமிக்கொண்டிருக்கக் கூடும். வீட்டில் உள்ளவர்களையெல்லாம் பரிசோதனைக்கு அழைப்பது ஏன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதுவே விடை.

மாதிரியை எங்கிருந்து எடுப்பது?

நுரையீரல் நோயில் சளி தானாக வெளியே வருகிறது. ஒரு சிறு போத்தலில் துப்பிக் கொடுத்தால் போதும். முள்ளந்தண்டோ மூளைச் சவ்வோ எதையும் வெளியே அனுப்புவதில்லை. அங்கே இருப்பதை ஊசியால் உறிஞ்சியோ, சிறு துண்டாக வெட்டியோ, முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீராக எடுத்தோதான் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு எடுத்த மாதிரியிலும் கிருமிகள் சிலவே இருக்குமாகையால், பரிசோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்ற முடிவு வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி இவ்விடத்தில் பெரிய உதவி. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது காசநோய்க் கிருமியின் மரபணு மாதிரியில் உள்ளதா என்பதையும், அக்கிருமி ரிபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சளியை மட்டுமன்றித் தண்டுவட நீர், நெறியிலிருந்து உறிஞ்சிய திரவம், திசுத் துண்டு ஆகியவற்றையும் அதில் இட்டுப் பார்க்கலாம். ஆயினும் வேறு எந்தெந்த மருந்துகள் அக்கிருமியைக் கொல்லும் என்ற முழு விபரமும் வேண்டுமானால் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குக் கிழமைகள் பல ஆகும். இத்தகைய பரிசோதனைகளுக்கான தேசிய காசநோய் ஆய்வுகூடம் கம்பஹா மாவட்டத்தின் வெலிசறையில் உள்ளது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான சிறப்புச் சிகிச்சை வழங்கும் தேசிய சுவாச நோய் வைத்தியசாலையும் அங்கேதான் இருக்கிறது.

மாதிரி தொடர்பாக ஒரு சிறிய விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் நேரும் தவறு பல மாதங்களை வீணாக்கிவிடும். கழுத்தில் வளர்ந்த கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் அதைப் போமலின் என்ற திரவம் உள்ள போத்தலில் இடுவது சத்திரசிகிச்சைக் கூடங்களின் வழக்கம். புற்றுநோயா, வேறு ஏதாவதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் போமலின் கிருமிகளைக் கொன்றுவிடும். செத்த கிருமியை வளர்க்க முடியாது. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று வளர்ப்புச் சோதனையில் அறியவும் முடியாது. எனவே துண்டின் ஒரு பகுதியைப் போமலினிலும் இன்னொரு பகுதியைச் சாதாரண உப்புநீரிலும் தனித்தனியே இட்டு அனுப்ப வேண்டும். கட்டியை வெட்டுவதற்கு முன்னர், காசநோய் வளர்ப்புச் சோதனைக்கும் ஒரு பகுதி அனுப்பப்படுமா என்று நோயாளியோ கூட வந்தவரோ பணிவாகக் கேட்பதில் தவறில்லை. வைத்தியரிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். இந்த ஒரு கேள்விக்காவது அத்தயக்கத்தை ஒதுக்கி வைக்கலாம்.

தாமதம் வைத்தியசாலைக்கு வருவதற்கு முன்னரே தொடங்கிவிடுவதும் உண்டு. நாள் முழுவதும் சரிவான மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறைந்த கூடையை நெற்றியில் மாட்டிய கயிற்றால் முதுகில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவரும் பெண்ணுக்கு முதுகு வலிப்பதில் யாரும் வியப்படைவதில்லை. மருந்தகத்தில் துண்டு வாங்கி, வலிக் குளிசை விழுங்கி, தைலம் தேய்த்து மறுநாள் மீண்டும் மலைக்குப் போய்விடுகிறார். வேலையால் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும்; முள்ளந்தண்டுக் காசநோயால் வரும் வலியோ இரவில் படுத்திருக்கும்போதும் விடாமல், மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். அதனுடன் மாலைக் காய்ச்சலும், இரவு வியர்வையும், உடல் மெலிவும் சேர்ந்தால் அதை வேலைக் களைப்பென்று ஒதுக்கக் கூடாது. கால்கள் பலமிழப்பதோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு குறைவதோ தென்பட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மருந்து அந்த இடத்தை எட்டுகிறதா?

நுரையீரலுக்கு வெளியே உள்ள எதிர்ப்புக் காசநோயின் சிகிச்சையில் மையமான கேள்விகள் இரண்டு. இந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்லுமா என்பது முதலாவது; கிருமி ஒளிந்திருக்கும் இடத்துக்கு இந்த மருந்து போதிய அளவில் போய்ச் சேருமா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு ஆய்வுகூடம் விடை தரும். இரண்டாவதற்கு ஆய்வுகூடத்தால் விடை தர முடியாது. சரிவான தேயிலை மலையில் தூவிய உரம் வேரை எட்டுமுன்னரே மழையில் வழிந்தோடினால் உரம் எவ்வளவு தரமானதாக இருந்தும் பயனில்லை அல்லவா? ஆய்வுகூடக் கிண்ணத்தில் கிருமியைக் கொல்லும் மருந்து உடலின் எல்லா மூலைகளிலும் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூளையை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் மூளைக்குள் நுழையாதபடி தடுக்கும் இயற்கையான ஓர் அரண் நம்மிடம் உண்டு. லிவோபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின், லினசோலிட், சைக்குளோசெரின், எதியோனமைட் போன்ற மருந்துகள் அதைக் கடந்து தண்டுவட நீரை நன்றாகச் சென்றடைகின்றன. பிரசினமைட்டும் அவ்வாறே கடந்துவிடும். கிருமி அதற்கு எதிர்ப்புப் பெறாதிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். எதாம்பியூட்டோல் மிகக் குறைவாகவே கடக்கிறது. ஆதலால் மூளைச் சவ்வில் எதிர்ப்புக் காசநோய் வந்தவருக்கு எழுதப்படும் மருந்துப் பட்டியல், நுரையீரலில் அதே கிருமி உள்ளவருக்கு எழுதப்படுவதிலிருந்து மாறுபடும். வீக்கத்தைத் தணிக்க முதற் சில கிழமைகளில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்தும் சேர்க்கப்படும். இது இந்நோயின் மிக ஆபத்தான வடிவம் என்பதால் முடிவுகள் எல்லாம் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், வலுவான சந்தேகம் எழுந்தவுடனேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது. பிறந்தவுடன் குழந்தைகளுக்குப் போடப்படும் பிசிஜி தடுப்பூசியின் முதன்மையான பயனும் சிறுவரை இவ்வடிவத்திலிருந்து காப்பதுதான்.

முள்ளந்தண்டின் நிலை வேறு. அங்கே எலும்பு அரிக்கப்பட்டு, சீழ் திரண்டு, நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றிவிடுகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆகவே சிகிச்சைக் காலம் நீள்கிறது. திரண்ட சீழைச் சிலவேளை ஊசியாலோ சத்திரசிகிச்சையாலோ வெளியேற்ற வேண்டியுமிருக்கும். நரம்பு நசுக்கப்பட்டாலோ, எலும்புகள் சரிந்து முதுகு வளையத் தொடங்கினாலோ சத்திரசிகிச்சை நிபுணரின் உதவி தேவைப்படும். எத்தகைய சத்திரசிகிச்சையானாலும் அது மருந்துக்குத் துணையே அன்றி மாற்றாகாது.

கழுத்து நெறி, நுரையீரல் உறை ஆகிய இடங்களில் உள்ள நோய் பொதுவாக இவ்வளவு கடுமையானதன்று. 2022 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த புதிய முறையில் பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மொக்சிபுளொக்சசின் என்ற நான்கு மருந்துகளையும் வாய்வழியாக மட்டுமே 6 மாதங்களுக்குக் கொடுக்கிறார்கள். செவிப்புலனைப் பாதித்த பழைய ஊசிமருந்துகளோடு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் போராடிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது எத்தகைய மாற்றம் என்பது விளங்கும். 14 வயதோ அதற்கு மேலோ ஆன, நெறி போன்ற இடங்களில் நோய் உள்ளவர்களுக்கு இம்முறை பொருந்தலாம். ஆனால் மூளையிலோ எலும்பிலோ நோய் இருந்தாலும், உடல் முழுவதும் பரவியிருந்தாலும் அப்பரிந்துரை பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பிரெட்டோமனிட் கொடுப்பதில்லை. அவ்வாறு விலக்கப்பட்டவர்களில் எலும்பு, மூளை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் 18 மாதங்களோ அதற்கு மேலோ நீளும் சிகிச்சை தனித்தனியே வகுக்கப்படுகிறது. பக்கத்து லயத்தில் உள்ளவருக்கு ஆறு மாதத்தில் முடிந்ததே, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் என்ற மனத்தாங்கல் நோயாளிக்கு எழுவது இயல்பு. நோய் எங்கே இருக்கிறது என்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பக்கவிளைவுகளும் சாப்பாடும்

இம்மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கண்காணிப்பு உண்டு. பெடாகுயிலினும் மொக்சிபுளொக்சசினும் இதயத் துடிப்பின் மின்லயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். பெடாகுயிலினை முதல் 2 கிழமைகள் நாள்தோறும், அதன்பின் கிழமைக்கு 3 நாள்கள் மட்டும் உட்கொள்வது நீண்டகாலமாக உள்ள ஒரு முறை. மாறும் கட்டத்தில் குழப்பம் வராமலிருக்க நாட்காட்டியில் அடையாளமிட்டு வைப்பது நல்லது. அதைச் சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடல் நன்றாக உறிஞ்சும். வெறும் தேநீரோடு விழுங்கிவிட்டு விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவது போதாது. சிலருக்குக் கொடுக்கப்படும் குளோபாசிமின் என்ற மருந்து தோலைக் கருஞ்சிவப்பாக மாற்றும். சைக்குளோசெரின் மனச்சோர்வையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும்; நோயாளி வழக்கத்துக்கு மாறாகப் பேசினாலோ ஒதுங்கி இருந்தாலோ அதை வீட்டார் உடனே தெரிவிக்க வேண்டும்.

மிகவும் கூர்ந்து கவனிக்க வேண்டியது லினசோலிட். அது எலும்பு மச்சையில் இரத்தம் உருவாவதைக் குறைக்கும். ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள பெண்களிடம் இதன் விளைவு விரைவில் தெரியும் என்பதால் இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடக் கூடாது. கால் விரல்களில் எரிவும் மரத்துப்போதலும் தொடங்கினால், மலையில் கல்லோ முள்ளோ குத்துவதுகூட உணர்வுக்கு எட்டாமல் போகும் நிலை வருமுன்னரே சொல்லிவிட வேண்டும். எழுத்துகள் மங்குவதும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுவதும் கண் நரம்பு பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். மருந்தின் அளவைக் குறைப்பதா, சில காலம் நிறுத்துவதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நோயாளி தானாக நிறுத்தினால் எஞ்சிய மருந்துகளுக்கும் கிருமி பழகிவிடும் அபாயம் உண்டு.

நமது அடுக்களையோடு தொடர்புடைய சில விபரங்களை வைத்தியசாலையில் யாரும் சொல்லாமலே விட்டுவிடக்கூடும். லினசோலிட் உட்கொள்ளும்போது நீண்டகாலம் பதப்படுத்திய, புளிக்கவைத்த உணவுகளை அதிக அளவில் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். கருவாட்டை அளவோடு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர் அதை மறைக்கவே கூடாது. ஐசோனியசிட் சிலரது மருந்துப் பட்டியலில் உயர்ந்த அளவில் தொடர்வதுண்டு. அம்மருந்தை எடுப்பவர்கள் பழுதடையத் தொடங்கிய பலயா, கெலவல்லா போன்ற மீன்களைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும் என்பதை 1970களில் இலங்கை வைத்தியர்களே விபரித்து எழுதினர். கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள மலைநாட்டுச் சந்தைகளுக்கு மீன் வந்துசேர எடுக்கும் நேரத்தை நினைத்தால் இந்த எச்சரிக்கை நமக்கு இன்னும் பொருந்தும். அப்படி நேர்ந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி நிறுத்தாமல், அன்று என்ன சாப்பிட்டோம் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையும் நெஞ்செரிவுக்கான சில மருந்துகளும் லிவோபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின் ஆகியவற்றை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால் இடையே பல மணி நேர இடைவெளி தேவை. எத்தனை மணி என்பதை மருந்து தருபவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

குணமாகிறதா என்று எப்படி அறிவது?

நுரையீரல் நோயில் மாதந்தோறும் சளியை வளர்த்துப் பார்த்து, கிருமி அற்றுவிட்டதை உறுதி செய்யலாம். முள்ளந்தண்டில் மாதந்தோறும் ஊசி செலுத்த முடியாது. எனவே உடல் நிறை ஏறுகிறதா, காய்ச்சல் விட்டதா, வலி குறைகிறதா, கால்களில் பலம் திரும்புகிறதா, ஸ்கேனில் சீழ் வற்றுகிறதா என்ற அடையாளங்களைச் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்தக் காரணத்தால் ஒவ்வொரு கிளினிக் நாளிலும் நிறை பார்ப்பதைச் சடங்காகக் கருதக் கூடாது.

இதில் குழப்பம் தரும் ஒரு நிகழ்வு உண்டு. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே கழுத்து நெறி திடீரெனப் பெருத்து, சிலவேளை உடைந்து ஒழுகவும் கூடும். செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளுக்கு எதிராக உடலின் தற்காப்பு ஆற்றல் பொங்கி எழுவதால் இது நேர்கிறது. எதிர்ப்புக் காசநோய் உள்ளவரிடமோ, சிகிச்சை தோற்கிறது என்பதன் அடையாளமும் இதே போலத் தோன்றலாம். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஒழுகும் திரவத்தை மீண்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே வழி. செத்த கிருமியின் மரபணுவையும் ஜீன்எக்ஸ்பேர்ட் காட்டிவிடும் என்பதால் இந்தக் கட்டத்தில் வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கே மதிப்பு அதிகம்.

நுரையீரலில் நோய் இல்லாமல் நெறியிலோ எலும்பிலோ மட்டும் இருப்பவரிடமிருந்து பொதுவாக இது பிறருக்குத் தொற்றாது. அவருக்குத் தனித் தட்டும் தனிக் கோப்பையும் வைப்பதில் பொருளில்லை. நுரையீரல் நோயேகூடப் பாத்திரங்களால் பரவுவதில்லை. ஆனால் வெளியே நோய் உள்ளவருக்கு நுரையீரலிலும் அது மறைந்திருக்கக் கூடும் என்பதால் மார்பு எக்ஸ்-ரேயும் சளிப் பரிசோதனையும் கட்டாயம். 10க்கு 12 அடி அளவுள்ள காம்பிராவில் குடும்பம் முழுவதும் ஒன்றாக உறங்கும் லயங்களில், நுரையீரலில் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை பகலில் சன்னலையும் கதவையும் திறந்து வைப்பது, குளிரைப் பொறுத்துக்கொண்டேனும் செய்ய வேண்டியது.

அரச வைத்தியசாலைகளிலும் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களிலும் காசநோய் மருந்துகள் இலவசம். நாட்கூலி இழப்பும் ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வெலிசறைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் இலவசமல்ல. நடைமுறையில் சிகிச்சையை முறிப்பவை பெரும்பாலும் இவைதான் என்பது என் எண்ணம். தொடக்கக் கட்டத்தைச் சிறப்பு வைத்தியசாலையில் முடித்தபின், நாளாந்தக் குளிசைகளை வீட்டுக்கு அண்மையில் உள்ள வைத்தியசாலையில் ஒருவரின் முன்னிலையில் விழுங்க ஒழுங்கு செய்ய முடியுமா என்றும், காசநோயாளிகளுக்கான உதவித்தொகை கிடைக்குமா என்றும் முதல் கிழமையிலேயே கேட்டுவிடுவது நல்லது. உதவித்தொகை பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் விசாரிக்கலாம்.

சிகிச்சை முடிந்த பின்னரும் ஸ்கேனில் தழும்புகள் தெரியலாம். கழுத்தில் சிறிய, வலியற்ற நெறியொன்று எஞ்சி நிற்கலாம். குளோபாசிமினால் கறுத்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். இவை நோய் மீண்டதற்கு அறிகுறிகள் அல்ல. எஞ்சிய நெறி மீண்டும் வளர்ந்தாலோ, வலியும் மாலைக் காய்ச்சலும் திரும்பினாலோ, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய குளிசைகளை எடுக்காமல், பழைய கிளினிக் அட்டையையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ப் புதிதாக மாதிரி கொடுக்க வேண்டும்.